ஃபேன் ஏன் உறுமுது... மில்லில் கெபாசிட்டர் ஏன் வீங்குது? ராஜபாளையம் டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஒரு கரன்ட் கதை!

கரன்ட் போன அடுத்த நொடி இன்வெர்ட்டர் ஆன் ஆகும். ஃபேன் சுத்திக்கிட்டே இருக்கும். ஆனா கூடவே 'ம்ம்ம்ம்'னு ஓர் உறுமல் கேட்கும், கவனிச்சிருக்கீங்களா? விலை குறைவான, பழைய சதுர அலை இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டுல இந்தச் சத்தம் ரொம்பப் பழக்கமானது. கரன்ட் திரும்பி வந்ததும் உறுமல் நின்னுடும். ஃபேன் அதே ஃபேன்தான். மாறினது, உள்ளே போகிற கரன்ட்டோட வடிவம்.

மின்வாரியத்துலேர்ந்து வர்ற கரன்ட் ஒரு நொடிக்கு 50 முறை மேலேயும் கீழேயும் வழுவழுன்னு ஏறி இறங்குற அலை. சதுர அலை இன்வெர்ட்டர் கொடுக்கிறது படிக்கட்டு மாதிரி சடார்னு ஏறி, சடார்னு இறங்குற அலை. எந்தக் கோணல் அலையையும், வழுவழுப்பான பல அலைகளைச் சேர்த்தே உருவாக்கிடலாம்னு 1822-ல வெளியான ஒரு புத்தகத்துல சொன்னார், பிரெஞ்சுக் கணித மேதை ஃபூரியே. அவர் எழுதினது வெப்பம் பத்தி. ஆனா அந்தக் கணக்கு நம்ம ஃபேனுக்கும் அப்படியே பொருந்தும். சதுர அலையைப் பிரிச்சுப் பார்த்தா, 50 ஹெர்ட்ஸ் அலையோடு அதுல மூணுல ஒரு பங்கு அளவுக்கு 150 ஹெர்ட்ஸும், அஞ்சுல ஒரு பங்கு 250 ஹெர்ட்ஸும், ஏழுல ஒரு பங்கு 350 ஹெர்ட்ஸும்... இப்படி ஒரு கூட்டமே ஒளிஞ்சிருக்கும். இந்த அழையா விருந்தாளிகளுக்குப் பேர்தான் ஹார்மோனிக்ஸ். உங்க ஃபேன் உறுமுறதும் அவங்களாலதான்.

வீட்டுல இது வெறும் சத்தம். மில்லில் இதுவே பணம். சில சமயம் தீ.

ராஜபாளையம்னா நாய், ஸ்ரீவில்லிபுத்தூர்னா பால்கோவா. வெளியூர்க்காரங்களுக்கு அவ்வளவுதான் தெரியும். ஆனா ரெண்டு ஊருக்கும் நடுவுல ராத்திரி பஸ்ல போனீங்கன்னா இன்னொரு முகம் தெரியும். மூணு ஷிஃப்ட்டும் ஓடுற நூற்பாலைகள், விளக்கு அணையாத ஷெட்கள். பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1936-ல ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினதிலிருந்து இந்த வட்டாரத்தோட சாப்பாட்டில் பாதி பஞ்சிலிருந்துதான் வருது. பக்கத்துல சத்திரப்பட்டியில் தறிகள் ஓடுறது மருத்துவமனை பேண்டேஜ் துணிக்காக. மலையடிவாரத் தென்னந்தோப்புகளில் ஓடுறது பம்ப்செட். எல்லாத்துக்கும் பொதுவானது ஒண்ணே ஒண்ணு, மோட்டார். மோட்டார் இருக்கிற இடத்துல எல்லாம் கெபாசிட்டரும் இருக்கும்.

தேர் வடமும் பவர் ஃபேக்டரும்

மோட்டார் சுத்தணும்னா முதல்ல அதுக்குள்ளே ஒரு காந்தப்புலம் வேணும். அந்தக் காந்தத்தை உருவாக்கவும் கரன்ட் தேவை. ஆனா அந்தக் கரன்ட் வேலை எதுவும் செய்யாது. லைன்ல வரும், திரும்பிப் போகும், அவ்வளவுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரை நினைச்சுக்கோங்க. எல்லாரும் நேரா இழுத்தா முழு பலமும் தேரை நகர்த்தும். ஒரு கூட்டம் வடத்தை இடதுபக்கமா சாய்ச்சு இழுத்தா? வடத்துக்கு முழு இழுவிசையும் உண்டு, கை காய்ச்சுப் போறதும் உண்டு. ஆனா தேர் நகர்றதுக்குப் பயன்படுறது அதுல ஒரு பகுதிதான். இந்தப் பகுதிக்கும் மொத்தத்துக்கும் உள்ள விகிதம்தான் பவர் ஃபேக்டர். மோட்டார் எப்பவும் இடதுபக்கம் சாய்ச்சு இழுக்கிற ஆள். கெபாசிட்டர் அதுக்கு எதிர்ப்பக்கம் நின்னு, வலதுபக்கம் இழுக்கிற ஆள். ரெண்டும் சேர்ந்தா வடம் நேராகிடும்.

மின்வாரியத்துக்கு வடம்னா லைனும் டிரான்ஸ்ஃபார்மரும். வேலை செய்யாத கரன்ட்டையும் அதுதான் சுமக்கணும். அதனால அபராதம் போடுது. தமிழ்நாட்டு மின் வழங்கல் விதித்தொகுப்புப்படி, உயரழுத்த இணைப்பு வெச்சிருக்கிற மில்லுக்குப் பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே போகக் கூடாது. 0.85 வரை குறையிற ஒவ்வொரு 0.01-க்கும் மின் கட்டணத்தில் 1% கூடுதல். அதுக்கும் கீழே போனா 1.5%, 0.75-க்குக் கீழே 2%-னு சுமை ஏறிக்கிட்டே போகும். மாசம் 20 லட்சம் கட்டணம் வர்ற மில்லில் பவர் ஃபேக்டர் 0.86-னு வெச்சுக்கோங்க. 4%, அதாவது 80,000 ரூபாய் சும்மா போகும். அதனாலதான் மில் மெயின் போர்டு பக்கத்துல, பீரோ மாதிரி ஒரு கெபாசிட்டர் பேனல் நிக்கும். லோடு ஏற ஏற அதுவே ஒவ்வொரு கெபாசிட்டரா உள்ளே சேர்க்கும். லோடு குறைஞ்சா கழட்டிவிடும்.

பல வருஷம் இந்த ஏற்பாடு நிம்மதியா ஓடுச்சு. அப்புறம் ட்ரைவ் வந்துச்சு.

நல்லது செய்ய வந்தவன் கொண்டுவந்த வில்லங்கம்

ட்ரைவ்ங்கறது மோட்டாரோட வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற எலெக்ட்ரானிக் பெட்டி. நூற்பாலைக்கு இது வரம்தான். ஸ்பின்னிங் ஃப்ரேம்ல நூல் அறுபடாம வேகத்தைப் பதமா ஏத்தி இறக்கலாம். ஈரப்பதம் காக்குற பெரிய ஃபேன்களை எப்பவும் முழு வேகத்துல ஓட்ட வேண்டியதில்லை. ஃபேன் வேகத்தை 80%-க்குக் குறைச்சா, அது இழுக்கிற சக்தி கிட்டத்தட்ட பாதியாயிடும். இவ்வளவு மிச்சம் ஆகும்போது யார்தான் வேண்டாம்பாங்க?

ஆனா ட்ரைவ் கரன்ட்டை வழுவழுன்னு இழுக்காது. அலையோட உச்சியில மட்டும் கடிச்சு இழுக்கும். வரைஞ்சு பார்த்தா இரட்டைத் திமில் ஒட்டகம் மாதிரி இருக்கும். சாதாரண மூணு ஃபேஸ் ட்ரைவ் உண்டாக்குற ஹார்மோனிக்ஸ் 5, 7, 11, 13-னு போகும். அதாவது 250, 350, 550, 650 ஹெர்ட்ஸ். இதுல 5-ம், 7-ம்தான் பெரிய ரவுடிகள். தேர் பாஷையில சொன்னா, எல்லாரும் தாளத்துக்கு ஒருமுறை இழுக்கிறப்போ, நடுவுல ஒருத்தர் அஞ்சு முறை வெடுக்வெடுக்னு சுண்டுறார். அதனால தேர் ஓர் அடிகூட கூடுதலா நகராது. வடம்தான் தேயும்.

இதுல கெபாசிட்டர் ஏன் முதல்ல மாட்டுது? அதோட குணம் அப்படி. ஹெர்ட்ஸ் கூடக் கூட, கெபாசிட்டர் கரன்ட்டுக்குக் கொடுக்கிற எதிர்ப்பு குறையும். 250 ஹெர்ட்ஸுக்கு அதோட எதிர்ப்பு அஞ்சுல ஒரு பங்குதான். மில் போர்டுல 5-வது ஹார்மோனிக் வோல்டேஜ் வெறும் 5% இருந்தாலே, கெபாசிட்டருக்குள்ள அதனால பாயிற கரன்ட் 25%. மத்த எல்லாரும் கதவைச் சாத்தும்போது கெபாசிட்டர் மட்டும் 'வாங்க வாங்க'ன்னு வாசலைத் திறந்து வெச்சிருக்கு.

உள்ளே என்ன நடக்கும்? கெபாசிட்டர்ங்கறது உலோகம் பூசின மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிமைச் சுருட்டி டப்பாவுல அடைச்சது. ஃபிலிம்ல எங்கேயாவது ஓட்டை விழுந்தா, அந்த இடத்துப் பூச்சு மட்டும் ஆவியாகி, தானே ஆறிக்கும். ஆனா ஒவ்வொரு முறையும் துளியூண்டு கொள்ளளவு குறையும், கொஞ்சம் வாயு சேரும். ஹார்மோனிக்ஸால சூடும், வோல்டேஜ் உச்சியும் ஏறினா இந்த ஓட்டைகள் அடிக்கடி விழும். வாயு சேர்ந்து டப்பா வீங்கும். நல்ல கெபாசிட்டர்னா, வீங்கும்போது உள்ளே இருக்கிற இணைப்பு அறுந்து தன்னைத்தானே விலக்கிக்கும். மட்டமானதா இருந்தா வெடிக்கும். பஞ்சுத் தூசி பறக்கிற ஷெட்டுல, தூசி படிஞ்சு காத்தோட்டம் அடைச்ச பேனலுக்குள்ள அது நடந்தா என்ன ஆகும்னு மில்லில் வேலை பார்க்கிற யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இந்த இடத்துல ஒரு சின்ன விஷயம். உங்க வீட்டு ஃபேன்லயும் கெபாசிட்டர் இருக்கு. 'கன்டன்சர் போச்சு, மாத்துங்க'ன்னு எலெக்ட்ரீஷியன் சொல்வாரே, அதுதான். சதுர அலை இன்வெர்ட்டர்ல அது ஏன் உடனே புகையறதில்லை? ஏன்னா அது ஃபேனோட காயிலுக்குப் பின்னாடி, வரிசையில உட்கார்ந்திருக்கு. ஹெர்ட்ஸ் கூடினா காயிலோட எதிர்ப்பும் கூடும். அதனால ஹார்மோனிக்ஸை காயிலே பெருசா வடிகட்டிடும். மில் பேனல்ல கெபாசிட்டர் நேரா லைன்ல நிக்குது. முன்னாடி காவலுக்கு ஆளில்லை. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, மருந்து இதுலதான் இருக்கு.

ஊஞ்சல் கணக்கு

இதுவரைக்கும் சொன்னதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு. ஊஞ்சலை எப்ப வேணும்னாலும் தள்ளிப் பாருங்க, பெருசா ஆடாது. அதோட தாளத்துக்குச் சரியா, விரலால தள்ளினாலே போதும், கூரையைத் தொடும். டிரான்ஸ்ஃபார்மரும் கெபாசிட்டரும் சேர்ந்தா அவங்களுக்குன்னு ஓர் ஊஞ்சல் தாளம் வந்துடும். அந்தத் தாளம் 5-லயோ 7-லயோ போய் விழுந்தா, ட்ரைவ் கொடுக்கிற சின்ன ஹார்மோனிக் பல மடங்காகி ரெண்டுக்கும் நடுவுல சுத்திச் சுத்தி வரும். இதுதான் ரெசனன்ஸ்.

கணக்கு ஒண்ணும் கஷ்டமில்லை, போன் கால்குலேட்டர் போதும். 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், அதோட இம்பிடன்ஸ் 4%-னு எடுத்துக்கலாம். 500-ஐ 0.04-ஆல வகுத்தா 12,500. இதை, போர்டுல அந்த நேரம் சேர்ந்திருக்கிற கெபாசிட்டரோட கே.வி.ஏ.ஆர். அளவால வகுத்து, வர்க்கமூலம் எடுங்க. 100 கே.வி.ஏ.ஆர். உள்ளே இருந்தா 11.2. 250 இருந்தா 7.1. ரெண்டுமே ட்ரைவோட பட்டியல்ல இருக்கிற எண்கள்!

பல எலெக்ட்ரீஷியன்களைக் குழப்புற புதிருக்கு விடை இங்கேதான் இருக்கு. 'பகல் முழுக்க நல்லா இருந்துச்சு, நைட் ஷிஃப்ட்ல மட்டும் ஃப்யூஸ் போகுது'ம்பாங்க. பேனல் லோடுக்கு ஏத்த மாதிரி கெபாசிட்டரைச் சேர்த்துக் கழிக்கிறப்போ, ஊஞ்சல் தாளமும் நகர்ந்துக்கிட்டே இருக்கும். எந்த நேரம், எந்த எண்ணிக்கையில கெபாசிட்டர் உள்ளே இருக்கோ, அப்போதான் சிக்கல். இன்னொண்ணும் கவனிங்க. கெபாசிட்டரைக் கூட்டக் கூட அந்த எண் கீழே இறங்கும். இதே டிரான்ஸ்ஃபார்மர்ல 500 கே.வி.ஏ.ஆர். வரை போனா கரெக்டா 5. பெரிய ரவுடியோட வாசல்லயே போய் நிக்கிறோம்.

கூட்டினா சரியாயிடுமா?

ஆகாது. என் பார்வையில, பணம் அதிகம் வீணாகிறது இங்கேதான். ட்ரைவ் போட்டதுக்கு அப்புறம் பவர் ஃபேக்டர் குறைஞ்சா, 'இன்னும் ரெண்டு கெபாசிட்டர் போடுங்க'ன்னு உடனே சொல்லிடுவாங்க. ஆனா ட்ரைவ் வடத்தைப் பக்கவாட்டுல அவ்வளவா சாய்க்கிறதில்லை, சுண்டுது. சாய்வே இல்லாம இருந்தாலும், கரன்ட்ல ஹார்மோனிக்ஸ் 75% இருந்தா மொத்தப் பவர் ஃபேக்டர் 0.80-தான். எத்தனை கெபாசிட்டர் போட்டாலும் இந்தக் குறையைத் தீர்க்க முடியாது. எதிர்ப்பக்கம் இழுக்கிற ஆளைக் கூட்டினா, வடம் இப்போ அந்தப் பக்கம் சாயும். கூடவே ஊஞ்சல் வேற பெருசாகும். மீட்டர்களும் எல்லாம் ஒண்ணு போல இல்லை. சில மீட்டர் 50 ஹெர்ட்ஸை மட்டும் பார்த்து பவர் ஃபேக்டர் சொல்லும், சிலது ஹார்மோனிக்ஸையும் சேர்த்துச் சொல்லும். பேனல்ல 0.99, பில்லுல வேறன்னு வந்தா இதையும் பார்க்கணும்.

இதுக்கு மேல இன்னோர் அபராதமும் காத்திருக்கு. ஹார்மோனிக்ஸை வரம்பு மீறி லைனுக்குள்ள தள்ளுற உயரழுத்த நுகர்வோருக்கு, அதைக் குறைக்கிற வரை கட்டணத்தில் 15% ஈட்டுத்தொகை விதிக்க நம்ம மாநில விதியில் இடமிருக்கு. வரம்பு எவ்வளவுன்னு மத்திய மின்சார ஆணையம் சொல்லியிருக்கு. இணைப்புப் புள்ளியில் வோல்டேஜ்ல மொத்தம் 5%, எந்தத் தனி ஹார்மோனிக்கும் 3%-க்கு மேல போகக் கூடாது. அந்த 20 லட்சம் கட்டணத்துக்குக் கணக்கு போடுங்க, 3 லட்சம். 80,000 ரூபாயைக் காப்பாத்த வாங்கின கெபாசிட்டர், ஊஞ்சலைப் பெருசாக்கி இந்த வரம்பைத் தாண்ட வெச்சா எப்படி இருக்கும்?

மருந்து: முன்னாடி ஒரு காவல்காரர்

ஃபேன் காயிலை ஞாபகம் இருக்கா? அதே யோசனைதான். ஒவ்வொரு கெபாசிட்டருக்கும் முன்னாடி, வரிசையில ஒரு சோக் வைக்கிறாங்க. ரியாக்டர்னும் சொல்வாங்க. 7% ரியாக்டர் போட்டா, அந்த ஜோடியோட தாளம் 189 ஹெர்ட்ஸ்ல உட்காரும். 5-வது ஹார்மோனிக்கான 250-க்குக் கீழே, எந்த ரவுடியும் நடமாடாத இடம். கம்ப்யூட்டர், எல்.இ.டி. விளக்குகள்னு 150 ஹெர்ட்ஸ் அதிகமா இருக்கிற கட்டடங்களுக்கு 14% ரியாக்டர், தாளம் 134 ஹெர்ட்ஸ்.

இதுல ரெண்டு தப்பு சகஜமா நடக்கும். ஒண்ணு, பழைய 440 வோல்ட் கெபாசிட்டரை அப்படியே விட்டுட்டு ரியாக்டரை மட்டும் சேர்க்கிறது. 7% ரியாக்டர் வந்தா கெபாசிட்டர் மேல விழுற வோல்டேஜ் 415-லிருந்து சுமார் 446-ஆ ஏறிடும். ஹார்மோனிக்ஸ் அதுக்கும் மேல. அதனால 480 இல்லேன்னா 525 வோல்ட் கெபாசிட்டர் வேணும். ரெண்டாவது, ஒரே பேனல்ல பாதிக்கு ரியாக்டரோட, பாதிக்கு ரியாக்டர் இல்லாம வைக்கிறது. காவல் இல்லாத பாதி, ஊஞ்சலை மறுபடி கூட்டிக்கிட்டு வந்துடும்.

ட்ரைவ் வாங்கும்போதே அதோட சோக்கையும் சேர்த்து வாங்கினா ஹார்மோனிக்ஸ் பிறக்கிற இடத்துலேயே கணிசமா குறையும். இன்னும் மீதி இருந்தா ஆக்டிவ் ஃபில்டர். உங்க இயர்பாட்ஸ்ல வெளிச்சத்தத்தை அடக்குற வசதி இருக்கே, அதே வேலை. வர்ற ஹார்மோனிக்ஸைக் கேட்டு, அதுக்கு நேர் எதிரான கரன்ட்டைச் செலுத்தி அடிச்சு நொறுக்கும். விலை அதிகம். அதனால முதல்ல அளந்து பார்த்துட்டு வாங்கறதுதான் புத்திசாலித்தனம்.

அளக்கறதுக்கு ட்ரூ ஆர்.எம்.எஸ். கிளாம்ப் மீட்டர் இருந்தா ஆரம்பிச்சுடலாம். 440 வோல்ட்டுக்குச் செஞ்ச 25 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர், முன்னாடி ரியாக்டர் இல்லாம 415 வோல்ட்ல இழுக்க வேண்டியது சுமார் 31 ஆம்பியர். மீட்டர் 25 காட்டினா, கெபாசிட்டர் தேய்ஞ்சுடுச்சு. 38 காட்டினா ஹார்மோனிக்ஸ் புகுந்திருக்கு. கெபாசிட்டர் தாங்குற உச்சம், அதோட மதிப்பீட்டுக் கரன்ட்டைப் போல 1.3 மடங்கு, அதாவது சுமார் 43 ஆம்பியர். அதை நெருங்கினா நிறுத்திடணும். ஐ.டி.ஐ. முடிச்சுட்டு மில்லில் சேர்ந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒண்ணு சொல்லணும். ஸ்விட்ச் ஆஃப் பண்ணின உடனே பேனலுக்குள்ள கையை விடாதீங்க. கெபாசிட்டர் சார்ஜை வெச்சிருக்கும். குறைஞ்சது 5 நிமிஷம் காத்திருந்து, மீட்டர் வெச்சுப் பார்த்து, ஷார்ட் பண்ணிட்டுத் தொடுங்க.

உங்க கையில இருக்கிற போனும் கூட்டாளிதான்

போன் சார்ஜர், எல்.இ.டி. பல்பு, டி.வி., இன்வெர்ட்டர் ஏ.சி. எல்லாமே ட்ரைவ் மாதிரி அலையைக் கடிச்சு இழுக்கிற சாமான்கள்தான். ஒரு சார்ஜரால ஒண்ணும் ஆகாது. ஆனா ஒரு ஜவுளிக்கடை முழுக்க, ஒரு காம்ப்ளெக்ஸ் முழுக்கச் சேரும்போது கதை வேற. வீட்டுச் சாமான்கள் உண்டாக்குற 3-வது ஹார்மோனிக்குக்கு ஒரு கெட்ட குணம், மூணு ஃபேஸ்ல இருந்து வர்றதும் நியூட்ரல் வயர்ல ஒண்ணா கூடிடும். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பால்கோவா கிண்டுற விறகடுப்புக்கு ஹார்மோனிக்ஸ்னா என்னன்னு தெரியாது. அதே கடையோட ஏ.சி.க்கும் விளக்குக்கும் நல்லாத் தெரியும்.

கடைசியா, வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல சுத்துற ஒரு சாமான். 'பிளக்ல சொருகினா கரன்ட் பில் பாதியாகும்'னு சில நூறு ரூபாய்க்கு விக்கிற பவர் சேவர். பிரிச்சுப் பார்த்தா பெரும்பாலும் உள்ளே இருக்கிறது ஒரு சின்ன கெபாசிட்டர், ஒரு பச்சை லைட். தமிழ்நாட்டுல வீட்டு பில் யூனிட் கணக்குலதான் வருது, வீட்டுக்குப் பவர் ஃபேக்டர் அபராதம் கிடையாது. அப்போ அந்தக் கெபாசிட்டர் எதை மிச்சம் பிடிக்கும்? சதுர அலை இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டுல சொருகினா இன்னும் விசேஷம். ஃபேன் கெபாசிட்டருக்காவது முன்னாடி காயில் காவல் இருக்கு, இது நேரா லைன்ல நிக்கும். அந்த உறுமலோட ஹார்மோனிக்ஸ் மொத்தமும் இதுக்குள்ளதான் பாயும். அப்பா ஏற்கெனவே ஆர்டர் போட்டிருந்தா, டெலிவரிக்கு முன்னாடியே கேன்சல் பண்ணிடுங்க.